வீட்டுக்குப் பேட்டரி வாங்குவதற்கு முன்னால்

பினாங்கில் சோலார் போட்டவர்கள் அடுத்து பேட்டரியைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் மின்சார நிறுவனமான தெனாகாவின் பில்லை எடுங்கள். 2025 ஜூலையில் வந்த நேரவாரிக் கட்டணத்தில் வேலைநாள் மதியம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், ஆனால் மற்ற நேரத்தோடு வித்தியாசம் யூனிட்டுக்குச் சுமார் 4 சென்தான், அதனால் 10 யூனிட் பேட்டரியை இரவில் நிரப்பி மாலையில் தீர்த்தால் நாளுக்கு 40 சென், அதிலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகவே வீணாகிவிடும். ஒரு தே தாரிக் டீக்குக்கூடக் காணாது!

பகல் சோலாரில் மிஞ்சுவதைச் சேமிக்கவா? சரி. இரவு 7 முதல் காலை 7 வரை மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்து, ஓர் இரவின் சராசரி அளவுக்கே வாங்குங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை நல்லது. வெயில் அடிக்கும் சுவரில் மாட்டவிடாதீர்கள். கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் ஓடுமா என்று எழுத்தில் கேளுங்கள், சிலது ஓடாது.