கோல்டன் காமுயின் தங்கத்தைப் பற்றி ஊகம் எழுதுவது எப்படி

சதோரு நோதா எழுதி வரைந்த ‘கோல்டன் காமுய்’ என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை), 2014 ஆகஸ்ட் முதல் 2022 ஏப்ரல் வரை ஜப்பானிய வார இதழொன்றில் 314 அத்தியாயங்களாக வெளிவந்து, 31 தொகுதிகளில் நிறைவடைந்தது. ரஷ்ய-ஜப்பானியப் போர் முடிந்த கையோடு, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் சேர்த்து வைத்த தங்கத்தைத் தேடி அந்தத் தீவெங்கும் பலர் அலைவதே அதன் கதை. தொடர் வந்துகொண்டிருந்த எட்டு ஆண்டுகளில் ரசிகர்கள் எழுதிய ஊகங்கள் ஏராளம். அவற்றில் பல, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுபவை. சில மட்டும் கதையின் போக்கை முன்கூட்டியே தொட்டவை. அந்த இரண்டாம் வகை ஊகத்தை எழுத விரும்புகிறவர்களுக்காக, நான் கைக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன். கதையின் முடிவும் இதில் பேசப்படுகிறது. இன்னும் படித்து முடிக்காதவர்கள், முடித்த பிறகு இதற்குத் திரும்பி வருவது நல்லது.

முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தங்கத்தைப் பற்றிய ஒவ்வொரு செய்தியையும் யார், யாரிடம், எந்த அத்தியாயத்தில் சொன்னார் என்று குறித்துக்கொள்வது. இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்தக் கதையில் தங்கத்தைப் பற்றிய தகவல் ஏறத்தாழ எதுவும் ஆசிரியரின் குரலில் நேராக நமக்கு வருவதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாத்திரத்தின் வாய் வழியாகவே வருகிறது. ஐனுக்களைக் கொன்று தங்கத்தைப் பறித்தவன் அபாஷிரி சிறையில் இருக்கிறான், அவன் கைதிகளின் உடலில் வரைபடத்தைப் பச்சை குத்தியிருக்கிறான் என்ற அடிப்படைக் கதையை, போரிலிருந்து திரும்பிய வீரனும் கதைநாயகனுமான சுகிமோதோவிடம் சொல்பவர், குடிபோதையில் இருக்கும் ஒரு கிழவர். போதை தெளிந்ததும் அவரே சுகிமோதோவைக் கொல்ல வருகிறார். கரடியால் கொல்லப்பட்டுக் கிடக்கும் அவர் உடலில் அதே பச்சை குத்தப்பட்டிருக்கிறது. சொல்பவருக்கும் சொல்லப்படும் பொருளுக்கும் தொடர்பு உண்டு என்பதை ஆசிரியர் முதல் அத்தியாயத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறார். ஆகவே நோட்டுப் புத்தகத்தில் ‘இதைச் சொல்வதால் இவருக்கு என்ன ஆதாயம்’ என்று இன்னொரு பத்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடமும் இதுவே. ஆதாயம் இருப்பதாலேயே ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிறையில் இருக்கும் முகமற்ற மனிதன், அதாவது நொப்பெராபோ, சுகிமோதோவோடு சேர்ந்து தங்கத்தைத் தேடும் ஐனுச் சிறுமி அசிர்பாவின் தந்தைதான் என்கிறார், அந்தத் தந்தையின் பழைய நண்பரான கிரோரன்கே. குறி சொல்லும் ஐனுப் பெண்ணான இன்கார்மத் அதை மறுத்து, கைரேகையைச் சான்றாகக் காட்டி, குற்றவாளி கிரோரன்கேதான் என்கிறாள். அந்தக் கட்டத்தில் கிரோரன்கே எதையோ மறைக்கிறார் என்பது வாசகர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அவர் சொன்ன எல்லாவற்றையும் பலர் தள்ளிவிட்டார்கள். கடைசியில் நொப்பெராபோ அசிர்பாவின் தந்தை வில்க் என்பதே உண்மையாயிற்று. உண்மையைச் சொல்லிக்கொண்டே தன் நோக்கத்தை ஒருவர் மறைக்க முடியும். ‘இவர் எதையோ மறைக்கிறார்’ என்பதையும் ‘இவர் சொன்னது தவறு’ என்பதையும் தனித்தனி வரிகளில் எழுதிப் பழகினாலே ஊகத்தில் பாதிப் பிழைகள் குறைந்துவிடும்.

மனிதர்களின் சொல்லைப் போலவே பொருள்களையும் சோதிக்க வேண்டும். வரைபடம் கைதிகளின் உடலில் இருப்பதால், தேடுகிறவர்கள் அவர்களுடைய பச்சை குத்திய தோல்களையே சேர்க்கிறார்கள். யூபரியில் வாழும், விலங்குகளின் உடலைப் பாடம் செய்யும் கலைஞன் எதோகாய், தங்கத்தைத் தேடும் படை அதிகாரி லெப்டினன்ட் ட்சுருமிக்காக அத்தகைய தோல்களைப் போலியாகச் செய்து கொடுக்கிறான். அவை கதைக்குள் நுழைந்த பிறகு, தோல்களில் உள்ள கோடுகளை அப்படியே சேர்த்துப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் எந்த ஊகமும், எந்தத் தோல் யார் கையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நிற்காது.

அடுத்தது வரலாறு. இங்கே தேட வேண்டியது, வரலாற்றில் உறுதியாக இருப்பதை மட்டுமல்ல, உறுதியற்று விடப்பட்டதையும்தான். ஷோகுன் ஆட்சிக்காகப் போரிட்ட சாமுராய்ப் படையான ஷின்செங்குமியின் துணைத் தலைவர் ஹிஜிகதா தொஷிஸோ 1869-ல் ஹகோதாதே போரில் இறந்தார். ஆனால் அவர் உடல் எங்கே புதைக்கப்பட்டது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் நோதா தம் கற்பனையை வைத்து, எழுபது வயதைக் கடந்த ஹிஜிகதாவை அபாஷிரியிலிருந்து வெளியே நடந்துவரச் செய்கிறார். அவருடைய தோழர் நாகாகுரா ஷின்பாச்சியோ மெய்யாகவே அந்தக் காலத்தில் உயிரோடு இருந்து, 1915-ல் ஒதாருவில் இறந்தவர். சிறைகளிலிருந்து தப்புவதில் வல்ல கைதிப் பாத்திரமான சிரைஷியின் முன்மாதிரி ஷிராதோரி யோஷியே, 1944-ல் அபாஷிரி சிறையிலிருந்து தப்பியவர். கதை நடக்கும் காலத்தில் அவர் கைக்குழந்தை. நோதா எங்கே காலத்தை மாற்றுகிறார், எங்கே மாற்றாமல் விடுகிறார் என்று பார்த்துக்கொண்டே போனால் அவருடைய எழுத்துப் பாணி நமக்குப் பழகிவிடும்.

வரலாற்றறிவு ஊகத்துக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு அசிர்பாவின் கண்கள் நல்ல எடுத்துக்காட்டு. நீலம் கலந்த அந்தக் கண்களை வெறும் அழகுக்காக வரைந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் போலந்துக்காரரான புரோனிஸ்வாஃப் பியூசுத்ஸ்கி, ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்லும் சதியில் தொடர்புடையவராகக் கருதப்பட்டு 1887-ல் சகலின் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார் என்பதையும், அங்கே ஐனு மொழியை ஆராய்ந்து, ஐனுப் பெண்ணொருத்தியை மணந்து, 1902-03 ஆண்டுகளில் மெழுகு உருளைகளில் ஐனுக் குரல்களைப் பதிவு செய்தார் என்பதையும் அறிந்தவர், அந்தக் கண்களைக் கண்டதும் வடக்கே சகலினை நோக்கியும், அதற்கும் அப்பால் போலந்தை நோக்கியும் திரும்பியிருப்பார். கதையில் வில்க், போலந்துத் தந்தைக்கும் சகலின் ஐனுத் தாய்க்கும் பிறந்தவர்; 1881-ல் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட நிகழ்ச்சியோடு தொடர்புடைய புரட்சியாளர். ஓவியத்தில் ஒரு நிறம், வரலாற்றில் ஒரு மனிதர், கதையில் ஒரு கேள்வி. இம்மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் நான் ஊகத்தை எழுதத் துணிவேன்.

தங்கம் ஹகோதாதேயிலுள்ள கோர்யோகாகு கோட்டையில் இருக்கும் என்ற ஊகத்தையும் இதே தராசில் நிறுத்திப் பாருங்கள். கோட்டை நட்சத்திர வடிவில் இருக்கிறது, ஆகவே அதில் மர்மம் இருக்கும் என்பது பலவீனமான காரணம். ஹிஜிகதா கடைசியாகப் போரிட்டது ஹொக்கைடோவில் எனோமோதோ தகேஅகி தனியே நிறுவிய எஸோ அரசுக்காக, அந்த அரசின் இருப்பிடம் இந்தக் கோட்டை என்பது வலுவான காரணம். இன்னும் ஒரு படி போகலாம். 1869-ல் எஸோ அரசு, பிரஷ்ய வணிகரான கேர்ட்னருக்கு ஹகோதாதே அருகிலுள்ள நனாஎ பகுதியில் பெரிய நிலப்பரப்பை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. எஸோ அரசை வென்ற மெய்ஜி அரசு அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்று ஒதுக்கிவிடவில்லை. 1870-ல் 62,500 டாலர் கொடுத்து நிலத்தை மீட்டது. அதாவது, தோற்றுப்போன அரசு எழுதிக் கொடுத்த நிலப் பத்திரத்துக்கு வென்ற அரசு விலை கொடுத்திருக்கிறது. இதை அறிந்தவருக்கு, கோட்டையில் தங்கத்தோடு ஐனுக்களின் நில உரிமைப் பத்திரமும் வெளிப்பட்டபோது வியப்பைவிட மகிழ்ச்சியே மிகுந்திருக்கும். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த திருப்பம் அதுதான். தங்கத்தை எண்ணிக்கொண்டிருந்த நம் கவனத்தை, ஐனுக்கள் உண்மையில் இழந்த நிலத்தின் பக்கம் அது திருப்பிவிடுகிறது.

மொழியையும் விட்டுவிடக் கூடாது. இந்த மங்காவின் ஐனு மொழியைச் சரிபார்த்தவர், சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஹிரோஷி நாகாகவா. எனவே ஐனுச் சொற்களை அழகுக்காகத் தூவப்பட்டவையாகக் கொள்ளாமல், ஒவ்வொன்றின் பொருளையும் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். கைதிகளின் உடலில் பச்சை குத்தப்பட்ட குறியீட்டைத் திறக்கும் சாவியே வில்க்கின் ஐனுப் பெயரான ‘ஹோர்கேவ் ஒஷ்கோனி’, அதாவது ஓநாயைத் துரத்திப் பிடித்தவன் என்பதுதான். மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பவர்கள், இரண்டு பதிப்புகளை ஒப்பிடாமல் ஒரு சொல்லின் மேல் ஊகத்தைக் கட்ட வேண்டாம். வார இதழில் வந்ததை நோதா தொகுதியாக்கும்போது திருத்தியும் பக்கங்களைச் சேர்த்தும் இருக்கிறார். மேற்கோள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எழுத உட்காரும்போது ஊகத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அத்தியாய எண்களோடு சான்றுகளை வைத்து, எது நடந்தால் இந்த ஊகம் உடையும் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். குறிபார்த்துச் சுடுவதில் வல்ல படைவீரன் ஒகாதாவைப் போன்ற ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது இது மிகவும் தேவை. எதையும் வெளிக்காட்டாத அவன் முகத்தில், அவரவர் விரும்பியதைப் படித்துவிட முடியும்.

தொடர் முடிந்துவிட்டதே, இனி எதை ஊகிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். தங்கத்தோடு மறைந்துபோன சிரைஷி, தன் முகம் பொறித்த தங்க நாணயத்தைச் சுகிமோதோவுக்கும் அசிர்பாவுக்கும் அனுப்பி வைக்கிறான். எங்கோ ஒரு தீவில் அரசனாகிவிட்டான். எந்தத் தீவு? நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, செய்தியைச் சொல்பவர் யார் என்ற பத்தியில் முதலில் அவன் பெயரை எழுதுங்கள்.