ஆயில் ஃபில்டரை எவ்வளவு இறுக்கலாம்? ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று

பைக்கில் முதன்முதலாகத் தானே ஆயில் மாற்றுகிறவருக்கு ஒரு பயம் இருக்கும்: ஓடும்போது ஃபில்டர் கழன்றுவிட்டால்? அந்தப் பயத்தில் ரென்ச்சை மாட்டி, முழுப் பலத்தையும் கொடுத்து முறுக்கிவிடுவோம். என் முதல் ஃபில்டரை நான் அப்படித்தான் இறுக்கினேன். அடுத்த முறை கழற்றப் போனபோது அது அசையவே இல்லை. ரென்ச் பிடித்த இடத்தில் தகரம் நசுங்கியதுதான் மிச்சம். ஃபில்டர் இறுகி நிற்பது நம் கைப்பலத்தால் அல்ல, ரப்பர் வளையம் அளவாக அமுங்குவதால். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது, எஞ்சினுக்கு வெளியே சின்ன டப்பா போலத் தெரியும் திருகு ஃபில்டரைப் பற்றி.

கழற்றுவது

எஞ்சினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் இளகி முழுதாக வடியும். சைலன்சர் குழாய் சுடும், கை பத்திரம். டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்த பிறகு, ஆயில் பிடிக்கும் தட்டை ஃபில்டருக்கு அடியில் நகர்த்துங்கள். அதற்குள்ளும் ஆயில் இருக்கும். ரென்ச் தேவைப்படுவது இப்போதுதான். இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றுங்கள்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் வாயைப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால், ரப்பர் மேல் ரப்பர் உட்காரும். கையில் நன்றாக இறுகியது போலத்தான் இருக்கும். ஆனால் எஞ்சின் ஓடி ஆயில் பிரஷர் ஏறும்போது ஒரு வளையம் பிதுங்கி வெளியே வந்துவிடும்; ஆயில் பீய்ச்சி அடிக்கும். காரில் அது தரையில் கொட்டும். பைக்கில் அதற்கு நேர் பின்னால் உங்கள் பின் டயர் இருக்கிறது. இந்த ஒரு பார்வையை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

மாட்டுவது

எஞ்சினில் ரப்பர் உட்காரும் வட்டத்தை நூல் பிரியாத துணியால் பளிச்சென்று துடையுங்கள். புது ஃபில்டரைப் பழையதன் பக்கத்தில் வைத்து, வளையத்தின் அளவும் மரையும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பிறகு விரல் நுனியில் புது ஆயிலைத் தொட்டு வளையம் முழுக்கப் பூசுங்கள். காய்ந்த ரப்பர் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். திருகும்போது சுருண்டு முறுக்கிக்கொள்ளும். ஆயில் பூசிய ரப்பர் வழுக்கிக்கொண்டே அமுங்கும்.

இனி ரென்ச்சைத் தள்ளி வையுங்கள். கையால் மட்டும் வலப்பக்கமாகத் திருகுங்கள். முதல் சுற்றுகள் லேசாக ஓட வேண்டும். ஆரம்பத்திலேயே கடினமாக இருந்தால் மரை கோணலாக ஏறுகிறது. பின்னால் திருப்பி எடுத்து மறுபடி நேராக வையுங்கள்.

திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கைக்கு ஒரு மெத்தென்ற தடை தெரியும். ரப்பர் எஞ்சினைத் தொட்டுவிட்டது. அங்கே நிறுத்துங்கள். ஃபில்டரின் தலையில் கடிகாரத்தின் 12 இருக்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கையிலும் ஃபில்டரிலும் உள்ள ஆயிலைத் துடைத்துவிட்டு, அந்தக் கோடு 9-க்கு வரும்வரை திருப்புங்கள். அதுதான் முக்கால் சுற்று.

ஏன் முக்கால்? பல பைக் ஃபில்டர்களின் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. முன்னேறும். முக்கால் சுற்றில் ரப்பர் 1.1 மி.மீ. அளவுக்கு அமுங்குகிறது. ஆயிலைத் தடுக்க அது போதும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் நசுங்கி உருக்குலையும்.

ஃபில்டர் மீதோ பெட்டியிலோ வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் (torque wrench) வைத்திருப்பவர்கள் மேனுவலைப் பாருங்கள். யமஹா பைக்குகள் பலவற்றில் 17, ஹோண்டாவில் பலவற்றுக்கு 26 நியூட்டன் மீட்டர். குழாய்களுக்கு நடுவே கை நுழையாத பைக் என்றால், மூடி போல மாட்டும் ரென்ச்சைப் பயன்படுத்தலாம். அப்போதும் கண் கோட்டின் மேல்தான் இருக்க வேண்டும்.

உங்கள் பைக்கில் ஃபில்டர் எஞ்சின் மூடிக்குள் இருந்தால் கணக்கு வேறு. அங்கே இறுக்குவது மூடியின் சின்ன போல்ட்டுகளை. அலுமினியத்தில் ஏறும் அவற்றின் மரை சட்டென்று போய்விடும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். மூடியின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) புதிதாக இருக்கட்டும். ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்து உட்காரட்டும்.

சரிபார்ப்பது

டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோடு மாட்டி, ஆயிலை அளந்து ஊற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லையா, உடனே நிறுத்துங்கள். விளக்கு அணைந்ததும் டார்ச் அடித்து ஃபில்டர் எஞ்சினோடு சேரும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். கசிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். எஞ்சினை அணைத்து, கழற்றி, வளையத்தைப் பாருங்கள்.

கசிவு இல்லையென்றால் எஞ்சினை அணைத்து, சில நிமிடம் கழித்து பைக்கை நேராக நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். ஃபில்டருக்குள் போன ஆயிலால் மட்டம் சற்று இறங்கியிருக்கும், குறைந்ததை ஊற்றுங்கள். பிறகு அந்த விளிம்பை ஒருமுறை உலரத் துடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டம் போய் வந்து விரலால் தடவிப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால் ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.