எல்டன் ரிங்: மருந்து உருண்டையை எப்போது விழுங்குவது? நோய்நிலைகளை அடையாளம் கண்டு கையாளும் முறை

எல்டன் ரிங் என்ற வீடியோ விளையாட்டு 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. நான் அதை ஆடத் தொடங்கியது நெடுநாள் கழித்து, தென்மேற்குப் பருவமழை குலசேகரத்தை விடாமல் நனைத்து, ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோயிருந்த ஒரு வாரத்தில். அந்த வாரத்தின் பெரும்பகுதியை ஆட்டத்திலிருந்த ஒரே சேற்றுநிலத்தில் திரும்பத் திரும்பச் செத்துக் கழித்தேன். என்னைக் கொன்றவை பெரிய அரக்கர்கள் அல்ல. திரையின் கீழே தோன்றிய ஒரு சிறு பட்டையைப் படிக்கத் தெரியாமல்தான் செத்தேன். உருண்டு தப்புவது, கிரேஸ் என்ற ஓய்விடத்தில் அமர்வது, உயிரை மீட்கும் சிவப்புக் குடுவையைக் குடிப்பது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராகச் செய்திக்கு வருகிறேன்.

முதல் படி: பட்டையைப் படிக்கப் பழகுங்கள்

நஞ்சு தோய்ந்த கத்தியோ சேறோ உங்கள் மீது பட்டவுடன் நோய் வந்துவிடுவதில்லை. திரையின் கீழ்ப்பகுதியில் சின்னத்துடன் ஒரு பட்டை தோன்றி, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டுச் சொட்டாக நிறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வேறுபாடு, இது அடியில் ஓட்டை விழுந்த சிரட்டை: அடிபடாமல் விலகி நின்றால் பட்டை தானாகவே குறைந்துவிடும். நிரம்பி வழியும் நொடியில்தான் நோய் பிடிக்கிறது. ஆகவே பட்டை பாதியைத் தாண்டினால் ‘இன்னும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு விலகலாம்’ என்ற ஆசையை விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள். பெரும்பாலான நேரங்களில் இதற்கு மருந்தே தேவைப்படாது.

இரண்டாம் படி: எந்தக் குடும்பத்து நோய் என்று பிரியுங்கள்

ஆட்டத்தில் 7 நோய்நிலைகள் உள்ளன. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, நின்று கொல்பவை, வெடித்து அடங்குபவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் உருண்டையை எப்போது தின்ன வேண்டும் என்பது அந்தப் பிரிவைப் பொறுத்தே அமைகிறது.

பாய்சன் எனப்படும் நஞ்சும், ஸ்கார்லெட் ராட் எனப்படும் செவ்வழுகலும் நின்று கொல்பவை. பட்டை நிரம்பிய பிறகு உயிரளவு தொடர்ந்து வடிந்துகொண்டே இருக்கும். நஞ்சு மெல்ல வடிக்கும், அழுகல் வேகமாக வடிக்கும். இவற்றுக்கு மட்டும் நோய் பிடித்த பின்னரும் மருந்து முழுப் பயன் தரும். சிவப்புக் குடுவை இழந்த உயிரை மட்டுமே திருப்பித் தரும், நோயைத் தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளீட் என்று ஆடுவோர் சுருக்கிச் சொல்லும் குருதிப்போக்கு, பட்டை நிரம்பிய கணத்தில் உயிரின் ஒரு பெரும் துண்டைப் பறித்துக்கொண்டு முடிந்துவிடும். அதன் பிறகு மருந்து தின்பது வீண். பட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்டான்ச்சிங் போலஸ் என்ற மருந்து உருண்டையைத் தின்றால்தான் உண்டு. தூக்கமும் மேட்னஸ் என்ற பித்தும் உங்களைச் சற்று நேரம் செயலற்றவராக்கி, மந்திரத்துக்குச் செலவாகும் எஃப்பி என்ற ஆற்றலைக் கரைக்கும். பித்து உயிரையும் சேர்த்துக் கரைக்கும். ஃப்ராஸ்ட்பைட் என்ற உறைபனி நோய் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் நிற்கிறது: முதலில் ஓர் அடி, பிறகு சிறிது காலத்துக்கு நீங்கள் வாங்கும் அடி கூடும், ஸ்டாமினா என்ற உடல்வலு மெல்லவே மீளும். டெத் பிளைட் பட்டை நிரம்பினால் எவ்வளவு உயிர் மீதமிருந்தாலும் அந்த நொடியே மரணம். பிதுங்கிய கண்களுடன் தவளை போல் தாவும் பாசிலிஸ்குகள் கக்கும் புகையில் இதைச் சந்திப்பீர்கள். லேண்டெல் நகரின் அடியிலுள்ள சாக்கடைகளில் அவை கூட்டமாகவே இருக்கும். புகையைக் கண்டால் சண்டையை மறந்து வெளியே ஓடுங்கள்.

மூன்றாம் படி: கரையேறிய பிறகு மருந்து

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லிம்கிரேவில் ஏரிக்கரையில் இருக்கும் டிராகன்-பர்ண்ட் இடிபாடுகளின் நிலவறையில் ஒரு பெட்டி இருக்கிறது. ஆசையுடன் திறந்தால் புகை கிளம்பி, கேலிட் நாட்டிலுள்ள ஒரு படிகச் சுரங்கத்தில் உங்களைத் தூக்கிப் போட்டுவிடும். தட்டுத்தடுமாறி வெளியே வந்த நான், செந்நிறமாகப் பரந்து கிடந்த ஏயோனியா சேற்றுநிலத்தைக் குறுக்காகக் கடந்துவிடலாம் என்று இறங்கினேன். மலேனியா என்ற வீராங்கனை ரடானுடன் பொருதியபோது மலர்ந்த அழுகல்தான் அந்த நாட்டையே கெடுத்தது என்ற கதையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

பட்டை நிரம்பியது. என் பையில் நியூட்ரலைசிங் போலஸ் 4 இருந்தன. மங்கலான பழைய திரையில் நஞ்சின் சின்னமும் அழுகலின் சின்னமும் எனக்கு ஒன்று போலவே பட்டதால், நான்கையும் வரிசையாகத் தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை, செத்தேன். நியூட்ரலைசிங் போலஸ் நஞ்சுக்கு மட்டுமே உரியது, அழுகலுக்குப் பிரிசர்விங் போலஸ்தான் வேண்டும் என்பதைப் பொருளின் விளக்கத்தைப் படித்த பிறகே அறிந்தேன்.

அடுத்த முறை சரியான உருண்டையுடன் இறங்கினேன். பட்டை நிரம்பியது, தின்றேன், நோய் போயிற்று. பத்தடி நடப்பதற்குள் புதிய பட்டை ஏறத் தொடங்கி மீண்டும் நோய் பிடித்தது. இரண்டாவது உருண்டையும் இப்படியே போனது. பக்கத்தில் அமர்ந்து வாழைக்காய்ச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த என் அத்தை மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “லேய் மக்கா, மழையத்து நின்னுகிட்டு தலை துவட்டுகியே” என்றான்.

அவன் சொன்னதில்தான் முழு உத்தியும் இருக்கிறது. அழுகல் பிடித்திருக்கும் வரை அதே அழுகல் பட்டை புதிதாக ஏறுவதில்லை. எனவே சேற்றின் நடுவில் நோய் பிடித்துவிட்டால் மருந்தைத் தொடாதீர்கள். வடியும் உயிரைச் சிவப்புக் குடுவையால் ஈடுகட்டியபடி நேராகக் கரைக்கு ஓடுங்கள். காலடியில் காய்ந்த மண் பட்ட பிறகே உருண்டையைத் தின்னுங்கள். இந்த வரிசையைப் பின்பற்றிய முதல் முறையிலேயே ஒரே ஓர் உருண்டையைச் செலவிட்டு நான் மறுகரை சேர்ந்தேன். கரையில் கிரேஸ் இருந்தால் அந்த உருண்டையும் மிச்சம். அங்கே அமர்ந்தாலே எல்லா நோயும் தீரும். எதிரிகள் மீண்டும் முளைப்பது அதற்கான விலை.

நான்காம் படி: மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்

பட்டியலைத் திறந்தால் இந்த ஆட்டம் நின்று காத்திருக்காது. நீங்கள் பையைத் துழாவும்போதே எதிரி வெட்டுவான். உருண்டைகளைப் பவுச் எனப்படும் சிறுபையில் வைத்துக்கொண்டால், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் முக்கோணப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திசைப் பொத்தானைத் தட்டினாலே போதும். மேல் திசையில் பிரிசர்விங், இடது திசையில் ஸ்டான்ச்சிங் என்பது என் வழக்கம். விசைப்பலகையில் ஆடுவோரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பதற்றத்தில் சரியான விசையைத் தேடி நான் செத்த எண்ணிக்கைக்கு ஒரு சுமாரான கன்ட்ரோலர் வாங்கியது எவ்வளவோ மேல்.

உருண்டைகளை நீங்களே செய்துகொள்ளலாம். எல்லே தேவாலயத்தில் அமர்ந்திருக்கும் வணிகர் காலேயிடம் ஆட்டத்தின் நாணயமான ரூன் 300 கொடுத்துக் கைவினைப் பெட்டியை வாங்குங்கள். ஒவ்வொரு உருண்டைக்கும் உரிய குக்புக் என்ற குறிப்புநூல் கிடைத்த பிறகு செய்முறை திறக்கும். ஃபெய்த் என்ற திறன் அளவை 12 வரை ஏற்றத் தயாராக இருப்பவர்களுக்கு நான் உருண்டையைவிட ‘ஃப்ளேம், கிளென்ஸ் மீ’ மந்திரத்தையே பரிந்துரைப்பேன். நஞ்சு, அழுகல் இரண்டையும் அது ஒன்றே தீர்க்கிறது; மூலிகை பறிக்க அலைய வேண்டியதுமில்லை.

ஐந்தாம் படி: சிரட்டையைப் பெரிதாக்குங்கள்

நிலைத்திரையில் நான்கு தடுப்பாற்றல்கள் தெரியும். நஞ்சையும் அழுகலையும் இம்யூனிட்டி தாங்கும். அது விகர் என்ற திறன் அளவுடன் கூடும். குருதிப்போக்கையும் உறைபனியையும் ரோபஸ்ட்னெஸ் தாங்கும். அது எண்டூரன்ஸுடன் கூடும். தூக்கத்துக்கும் பித்துக்கும் ஃபோகஸ், அதற்கு மைண்ட். டெத் பிளைட்டுக்கு வைட்டாலிட்டி, அதற்கு ஆர்க்கேன். இதற்காகவே புள்ளிகளை வாரி இறைக்காதீர்கள். நோய் மிகுந்த பகுதிக்குள் நுழையும்முன் கவசத்தையோ, இம்யூனைசிங் ஹார்ன் சார்ம் போன்ற ஒரு தாயத்தையோ மாற்றிக்கொண்டு, வெளியே வந்ததும் பழையதை அணிந்துகொள்வதே சிக்கனம்.

ஆறாம் படி: அதே ஆயுதத்தை எதிரி மீது

எதிரியின் பட்டை உங்களுக்குத் தெரியாது. குருதி சிதறி உயிர் ஒரேயடியாகக் குறையும்போதுதான் நிரம்பியது புரியும். சாமுராய் வகுப்பின் தொடக்க வாளான உச்சிகட்டானாவில் குருதிப்போக்கு அளவு 45. அதில் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு முறை நிரம்பிய பிறகும் அந்த எதிரியின் தாங்கும் அளவு உயரும் என்பதால், முதல் வெடிப்புக்கு ஆன வெட்டுகளின் எண்ணிக்கையை இரண்டாவதற்கும் எதிர்பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை

லியூர்னியா பகுதியில் ஒரு கிராமத்தை நெருங்கும்போது எவரும் அடிக்காமலேயே பித்துப் பட்டை ஏறுவதாகக் கருங்கல் ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அருகிலுள்ள கோபுரத்தின் உச்சியில் எரியும் மஞ்சள் நெருப்புதான் காரணம். அது உங்கள் பார்வையில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பட்டை ஏறும். பாறைக்கோ மரத்துக்கோ பின்னால் மறைந்து, பட்டை வடிந்த பின் அடுத்த மறைவுக்கு ஓடி, கோபுரத்தின் மேலேறி அங்கிருப்பவர்களை வீழ்த்தினால் தொல்லை தீரும்.

உறைபனி பிடித்த எதிரியை நெருப்பால் அடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். நெருப்பு பட்டதும் உறைபனி நீங்கிவிடும். அது இழப்புப் போலத் தோன்றினாலும், அதன் பிறகு மீண்டும் பட்டையை ஏற்றி முதல் அடியை மறுபடி தர முடியும் என்பதால் நான் வேண்டுமென்றே ஒரு நெருப்புச் சட்டியை எறிந்துவிட்டுத் திரும்பப் பனி வாளை எடுக்கிறேன்.