தோட்டத்தைத் திருத்துமுன் தண்ணீர் மட்டம் பிடியுங்கள்

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில், மலையடிவாரம் பக்கம். பின்பக்கத் தோட்டம் 20 அடிக்கு 15 அடி. போன வருஷம் ஆள் வைக்காமல் நானே திருத்தினேன். ஐப்பசி மழையில் தண்ணீர் முழுக்க சமையலறைச் சுவரோரம் வந்து நின்றது, பெயிண்ட் உப்பிக் கழன்றது. எல்லாவற்றையும் தோண்டிப்போட்டு மறுபடி ஆரம்பித்தேன். கீழே இருப்பது இரண்டாம் முறை செய்த வரிசை.

முதலில் தோண்டுங்கள். கடப்பாரையும் மம்முட்டியும் போதும், வாடகைக்கு மிஷின் எடுக்க வேண்டாம். வீடு கட்டியவர்கள் செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி எல்லாவற்றையும் அங்கேயே புதைத்திருப்பார்கள். செடி வைக்கப்போகும் இடத்தில் ஓரடி ஆழம்வரை பொறுக்கி வெளியே போடுங்கள். விட்டால் மண்ணில் சுண்ணாம்பு ஏறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகிவிடும். எங்கள் கறிவேப்பிலை அப்படித்தான் போனது.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு. நான் கோட்டை விட்டது இங்கேதான். வீட்டிலிருந்து வெளியே 4 அடிக்கு 1 அங்குலம் இறங்க வேண்டும். என் 20 அடிக்கு 5 அங்குலம். கண்ணால் பார்த்தால் பிடிபடாது, மலைப்பக்கம் கண்ணை நம்பவே முடியாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம்தான் சரி. ஹார்டுவேர் கடையில் உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் 30 அடி கேளுங்கள்.

ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டு, பக்கெட்டைப் படிமேல் வையுங்கள். டியூபின் ஒரு முனை பக்கெட்டுக்குள், மறுமுனை தரையில். உறிஞ்சிவிட்டால் தண்ணீர் ஓடும். காற்றுக் குமிழ் வருவது நிற்கும்வரை ஓடட்டும். நான் முதல் தடவை குழாயடியில் பிடித்து நிரப்பினேன், நடுவில் ஒரு குமிழ் மாட்டிக்கொண்டது. அந்த ஒரு குமிழ்தான் மட்டத்தைத் தலைகீழாக்கியது.

அதனால் அளக்கும் முன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால்தான் டியூப் சரி. காலையிலேயே செய்யுங்கள். பாதி டியூப் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் சூடான தண்ணீர் லேசாகி மட்டம் மாறும். நம்மூர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்!

இனி வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு முனையின் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்போது மறுமுனைத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அங்கே காம்பவுண்டுச் சுவரில் இன்னொரு கோடு. விரலை முனையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள், பொத்தியிருந்தால் தண்ணீர் நகராது. வீட்டுப்பக்கம் கோட்டிலிருந்து தரை 36 அங்குலம் என்றால், அந்தப் பக்கம் 41 இருக்க வேண்டும். இடையில் முளை அடித்து நூல் கட்டி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுங்கள். மண் எங்கேயும் பேஸ்மட்டத்தைத் தொடக் கூடாது, அரையடி கீழேயே நிற்கட்டும். தொட்டால் கரையான் ஏறும்.

நடைபாதைக்குக் கருங்கல் துண்டுகளை மணல்மேல் இடைவெளி விட்டுப் பதித்தேன். கறுப்புக் கடப்பா கல் அழகுதான். கத்திரி வெயிலில் செருப்பில்லாமல் அதில் நின்று பாருங்கள், தெரியும்.

மண்ணுக்கு செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு. ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று எம்-சாண்ட் கலக்காதீர்கள், அதில் உள்ள மாவு மண்ணை இறுக்கிவிடும். செம்மண் லோடில் கோரைக்கிழங்கு வரும். மேலாக அறுத்தால் இரட்டிப்பாகத் துளிர்க்கும், கிழங்கோடு தோண்டி எடுங்கள். புல்தரை ஆசை வேண்டாம், போர் தண்ணீர் எல்லாம் அதற்கே போய்விடும்.

செடிக்கு அவசரம் வேண்டாம். ஒரு நல்ல மழை பெய்து, எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகு நடுங்கள். நான் செம்பருத்தி, நந்தியாவட்டை, முருங்கை ஒன்று, அப்புறம் நம் ஊர் இலவம்பாடி முள்ளுக் கத்திரி வைத்தேன். அந்தக் கத்திரிக்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்தது. நாலு செடி வைத்தாலே குழம்புக்குத் தாராளமாகக் காய்க்கிறது. பறிக்கும்போது காம்பு முள் குத்தும், ஜாக்கிரதை.

பிற்சேர்க்கை: ரோடு போட்டுப் போட்டுத் தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டது, தண்ணீரை எங்கே விடுவது என்று காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வெளியே விட வழியில்லை என்றால் சுவரிலிருந்து தள்ளி ஒரு மூலைக்கு வாட்டம் கொடுங்கள். அங்கே 3 அடி சதுரத்தில் 5 அடி ஆழக் குழி எடுத்து, அடியில் செங்கல் துண்டு, நடுவில் ஜல்லி, மேலே மணல் போடுங்கள். 2003லிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக்கும் இதுவே ஆகும். முதல் படியில் பொறுக்கிப் போட்ட செங்கல் துண்டுகளை, சிமெண்ட் கட்டியைத் தட்டிவிட்டு, இந்தக் குழிக்கே போடலாம். நான் லாரிக்குக் காசு கொடுத்து ஏற்றி அனுப்பிய பிறகுதான் எனக்கு இது தோன்றியது.