உங்கள் காருக்கு ட்யூனிங் ஃபைல் இல்லையா? கேட்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலோ வைத்திருப்பவர் பெங்களூரில் எந்த ட்யூனரிடம் போனாலும் அரை நாளில் ரீமேப், அதாவது திருத்திய மென்பொருள் ஃபைலை இன்ஜின் கணினியில் ஏற்றும் வேலை, முடிந்து வண்டி கைக்கு வந்துவிடும். ஃபியட் லீனியா டி-ஜெட், டாடா போல்ட் ரெவோட்ரான், ரெனோ ஃப்ளூயன்ஸ் என்று போனால் "இதுக்கு ஃபைல் இல்லையே சார்" என்பதுதான் பதில். இன்ஜினில் ஒரு குறையும் கிடையாது. லீனியா டி-ஜெட்டின் 1.4 லிட்டர் டர்போ 114 குதிரைத்திறனும் 207 நியூட்டன் மீட்டரும் கொடுத்த அருமையான இன்ஜின். விற்பனை குறைவு என்பதால் அதன் மென்பொருளைத் திறந்து பார்க்க யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். அந்த வேலைக்கு ஒரு ட்யூனரை இன்றும் சம்மதிக்க வைக்கலாம். அவர் கையில் நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. பலரும் சறுக்குவது அங்கேதான்.

காரின் பெயரைச் சொல்லிக் கேட்பது

"2015 மாடல், டீசல், ஃபைல் கிடைக்குமா?" என்ற கேள்வியை வைத்து ட்யூனரால் எதுவும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது இசியுவின், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அடையாளம். அதன் அலுமினியப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போட்டோ எடுங்கள். பாஷ் இசியு என்றால் அதில் 10 இலக்க எண் இருக்கும். 0281 என்று தொடங்கினால் டீசல், 0261 என்றால் பெட்ரோல். 1037 என்று தொடங்கும் இன்னொரு எண் தெரிந்தால் அது மென்பொருள் எண்.

ஸ்டிக்கரோடு நிறுத்திவிடக் கூடாது. சர்வீஸில் எப்போதாவது மென்பொருளைப் புதுப்பித்திருந்தால் உள்ளே இருப்பது வேறு, வெளியே ஒட்டியிருப்பது வேறு. ஓபிடி ஸ்கேனரில் (காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகும் கருவி) மோட் 09 என்ற அடையாளப் பகுதியைத் திறந்தால் சேசிஸ் எண், கேலிப்ரேஷன் ஐடி (மென்பொருள் பதிப்பின் எண்), சிவிஎன் ஆகியவை வரும். சிவிஎன் என்பது மென்பொருளின் கைரேகை. ஏற்கெனவே யாராவது மாற்றியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு இது மிக முக்கியம். பிஎஸ் 4, பிஎஸ் 6 என்ற புகை விதி வேறுபாட்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது பல மாடல்களில் இசியு குடும்பமே மாறிவிட்டது.

பங்காளி காரின் ஃபைலை ஏற்றுவது

இன்ஜினைக் கெடுப்பதில் முதலிடம் இந்தத் தவறுக்குத்தான். ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டிலும் இருந்தது, இண்டிகா விஸ்டாவிலும், புண்டோவிலும், லீனியாவிலும் இருந்தது. "இன்ஜின் ஒண்ணுதானே, ஸ்விஃப்ட் ஃபைலைப் போட்டுடலாம்" என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 75 குதிரைத்திறன் வடிவில் இருப்பது சாதாரண டர்போ. 90 குதிரைத்திறன் வடிவில் இருப்பது உள்ளே உள்ள சிறு இறகுகள் (வேன்கள்) அசையும் டர்போ. மென்பொருளில் டர்போவைக் கட்டுப்படுத்தும் எண் அட்டவணைகளே அடிப்படையில் வேறு.

வன்பொருள் ஒன்றாகவே இருந்தாலும் மென்பொருள் பதிப்பு மாறும்போது அட்டவணைகளின் முகவரி நகர்ந்துவிடுகிறது. ஒரு பதிப்பில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்) அட்டவணை இருந்த இடத்தில் அடுத்த பதிப்பில் டார்க் (முறுக்குவிசை) வரம்பு இருக்கலாம். பழைய முகவரியை நம்பி எண்களை ஒட்டினால் சம்பந்தமில்லாத ஒன்று அழிகிறது. செக்சம் சரிசெய்யப்பட்டிருப்பதால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஐட்லிங்கும் சீராக இருக்கும். செக்சம் பார்ப்பது ஃபைல் சிதையாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே. எண்கள் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்துமா என்று அதற்குத் தெரியாது. கோளாறு தலைகாட்டுவது ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான்.

படிக்காமல் எழுதுவது

ஓபிடி வழியாக "ரீட்" செய்ததாகச் சொல்லும் பல கருவிகள் உண்மையில் இசியுவைப் படிப்பதில்லை. மென்பொருள் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, அதற்கான ஒரிஜினல் ஃபைலை சர்வரிலிருந்து இறக்குகின்றன. இதற்கு விர்ச்சுவல் ரீட் என்று பெயர். அபூர்வமான மாடலின் ஃபைல் சர்வரிலேயே இருக்காது. அப்போது "சப்போர்ட் இல்லை" என்று திரையில் வருவதைப் பார்த்து மனம் விட்டுவிட வேண்டாம். இசியுவைக் கழற்றி மேஜையில் வைத்து பெஞ்ச் முறையிலோ, மூடியைத் திறந்து பூட் முறையிலோ படிக்க வழி இருக்கலாம். இசியு குடும்பத்தைச் சொல்லி இதைத் தனியாகக் கேளுங்கள்.

அப்படிப் படிக்கும்போது மென்பொருள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் மட்டும் போதாது, அந்த வண்டிக்கே உரிய தகவல் இருக்கும் இஇப்ராம் நினைவகமும் வேண்டும். இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் சாவிப் பூட்டு) தகவலும், பல டீசல்களில் இன்ஜெக்டர் கோடுகளும் அங்கேதான் இருக்கும். இசியு நின்றுபோனால் மாற்று இசியுவுக்கு உயிர் கொடுப்பது அந்த நகல்தான். ஒரு பிரதி ட்யூனரிடம், ஒன்று உங்களிடம். ஃபைல் பெயரில் தேதியும் மென்பொருள் எண்ணும் இருக்கட்டும்.

எழுதும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்தால் இசியு பாதியில் நின்றுவிடும். இக்னிஷன் போட்டபடி இருக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழன்றால் அதுவே 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண சார்ஜரின் மின்சாரம் ஏறி இறங்கும், அதை நம்பக் கூடாது. 13.5 வோல்ட் அளவில் நிலையாக நிற்கும் பவர் சப்ளை வேண்டும். ஏசி, ஹெட்லைட், ஸ்டீரியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும். நடுவில் நின்றாலும் சாவியைத் திருப்பாதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். பூட்லோடர் (இசியுவைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) பகுதி தப்பியிருந்தால் அதே கருவியால் மறுபடி எழுதிவிட முடியும்.

நோய் பிடித்த வண்டியில் லாக் எடுப்பது

ஆதரவு இல்லாத மாடலுக்கு லாக்தான், அதாவது வண்டி ஓடும்போது எடுக்கும் அளவுகளின் பதிவுதான் கண். ஒரிஜினல் ஃபைலில் இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரிந்தால்தான் ட்யூனரால் எதையும் தொட முடியும். உதாரணத்துக்கு, 2,200 ஆர்பிஎம்மில் இசியு கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 210 கிலோபாஸ்கல், வந்தது 178 என்று லாக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரிஜினல் ஃபைலிலேயே இவ்வளவு இடைவெளி என்றால் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸ் கசிகிறது, அல்லது டர்போ வேன் கரி பிடித்து ஒட்டியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் கேட்கும் அளவை 230 ஆக்கினால் டர்போ மூச்சு முட்டச் சுழலும். முதலில் ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் பூசி, குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பாருங்கள். காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் கரியைத் துடையுங்கள். கிளாம்ப், ஹோஸ் எல்லாம் பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

லாக் எடுப்பதிலேயே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. மலிவான ப்ளூடூத் அடாப்டரில் 12 அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் ஓரிரு நொடிக்கு ஒருமுறைதான் மாறும். 3-ஆவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓடும் ஒரு ஓட்டமே சுமார் 10 நொடி. அதில் ஐந்தாறு புள்ளிகளை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? ஒரு ஓட்டத்துக்கு ஆர்பிஎம், பூஸ்ட், ரெயில் பிரஷர், உள்ளே போகும் காற்றின் வெப்பம் என்று நான்கு போதும். இன்னொன்று, பொதுவான ஓபிடி பூஸ்ட் அளவு ஒரே பைட், 255 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது. கோடு 255-இல் தட்டையாக நின்றால் பூஸ்ட் அங்கேயே நின்றது என்று அர்த்தமில்லை. உற்பத்தியாளரின் சொந்த அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபின், ஏசியை அணைத்து, 1,500 ஆர்பிஎம்மிலிருந்து டீசலில் 4,500 வரை, பெட்ரோலில் 6,000 வரை, இடையில் ஆறவிட்டு மூன்று ஓட்டங்கள். இந்த ஓட்டத்தில் வேகம் 100 கிலோமீட்டரைத் தாண்டும். அவுட்டர் ரிங் ரோட்டில் நள்ளிரவில் முயல்வது உயிரோடு விளையாட்டு. டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டி அளக்கும் இயந்திரம்) ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து எடுங்கள்.

பெங்களூர் காற்றை மறப்பது

நம் ஊர்க்காரர்கள் யோசித்தே ஆக வேண்டிய விஷயம் இது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்றழுத்தம் இங்கே ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல், சென்னையில் 101. அதே 220 கிலோபாஸ்கலை எட்ட சென்னையில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும், பெங்களூரில் 2.4 மடங்கு. கடலோர நகரத்தில் தயாரான ஃபைல் இங்கே டர்போவைக் கூடுதலாக வாட்டும்.

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் ஆபத்து எதிர்த்திசையில். பூஸ்ட் கிடையாது என்பதால் பெங்களூரில் இன்டேக் அழுத்தம் 91-ஐத் தாண்டவே தாண்டாது. அழுத்தத்தை வைத்து லோடு (இன்ஜின் மேல் விழும் சுமை) கணக்கிடும் இசியு என்றால், இக்னிஷன் அட்டவணையில் 95, 100 கிலோபாஸ்கல் வரிசைகளை இங்கே எத்தனை நாள் லாக் எடுத்தாலும் இன்ஜின் தொடாது. சித்திரை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி இறங்கி, வேலூர் வெயிலில் 40 டிகிரியில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் அந்த வரிசைகள் முதன்முறையாக வேலைக்கு வருகின்றன. அங்கே டைமிங் (பொறி விழும் நேரம்) கூட்டப்பட்டிருந்தால் நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறி வெடித்து இன்ஜினை அடிப்பது. அந்த வரிசைகளை ஒரிஜினல் அளவிலேயே விடச் சொல்லுங்கள், அல்லது கீழே இறங்கி ஒரு லாக் எடுத்து அனுப்புங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் ரீமேப்பால் கிடைக்கும் கூடுதல் சக்தியும் சொற்பம்தான்.

எப்போதும் போடும் பெட்ரோலிலேயே லாக் எடுங்கள். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலில் ட்யூன் செய்துவிட்டு ஊர்ப்பக்கம் குறைந்த ஆக்டேனை நிரப்பினால் அதே நாக்கிங் வரும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு சுமார் 13.5 பங்கு காற்று, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7. குழப்பம் வராமலிருக்க எல்லாவற்றையும் லாம்டாவில் (எந்த எரிபொருளுக்கும் சரியான கலவையை 1 என்று காட்டும் அளவு) பேசுங்கள்.

கிளட்ச், சட்டம்

டீசலில் டார்க் ஏறுவது 1,800 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள். தேய்ந்த கிளட்ச் அங்கே வழுக்கும், லாக்கில் வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிக்யூ200 ஏழு கியர் பெட்டிக்கு வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அதைத் தாண்டி ஃபைல் கேட்காதீர்கள். டிபிஎஃப்பை (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) மென்பொருளில் மட்டும் அணைக்கச் சொல்வது பெரும் தவறு. கரியை எரிக்கும் சுழற்சி நின்றுபோய் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், புகையும் சட்ட மீறலாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் ரீமேப்புக்கு முன்பே படித்துப் பாருங்கள்.

வெறும் தலைகளை எண்ணிக் காட்டுவது

"இந்த கார் வைத்திருப்பவர்கள் 200 பேர் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம்" என்பது ட்யூனரை அசைக்காது. அந்த 200 பேரிடம் ஏழெட்டு மென்பொருள் பதிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனி வேலை. கேலிப்ரேஷன் ஐடி வாரியாக ஒரு அட்டவணை போட்டு, ஒரே எண் உள்ள ஐந்து பேரைச் சேர்த்து, முதல் காரை மூன்று நாள் விட்டுவைக்க ஒருவர் தயாராக இருக்கிறார் என்று சொல்லுங்கள். அட்டவணைகளைக் கையால் தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்புக்கான கட்டணத்தை ஐவரும் பங்கிட்டு முன்பணமாகக் கொடுங்கள். முதல் ஃபைல் முடிவானதல்ல; லாக் எடுத்து அனுப்ப, அவர் திருத்த, மறுபடி லாக் என்று இரண்டு மூன்று சுற்று போகும். முதல் சுற்றிலேயே வண்டி நன்றாக இழுக்கிறது என்று லாக் அனுப்புவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஃபைல் குரூப்பில் இலவசமாகச் சுற்ற ஆரம்பித்தால், அடுத்த கேலிப்ரேஷன் ஐடிக்கு அதே ட்யூனர் போனை எடுக்க மாட்டார்.