செம்மண் காட்டுக்கு எந்த ஹைட்ராலிக் பிரேக்?

காரைக்குடிப் பக்கம் எம்டிபி (மலைச் சைக்கிள்) ஓட்டுகிறவர்கள் நாலு பிஸ்டன் பிரேக் (பிரேக் கட்டையான பேடை ரெண்டுக்குப் பதில் நாலு பிஸ்டன் அழுத்துவது) பற்றிக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மலைக்குப் போவீங்களா?" குன்றக்குடி, கானாடுகாத்தான், கண்மாய்க்கரை என்று சுற்ற ரெண்டு பிஸ்டன் தாராளம். ரெண்டு பிஸ்டன் உள்ள ஷிமானோ எம்டி200 பிரேக்கை வாங்கிவிட்டு மிச்சக் காசை நல்ல டயரில் போடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஆசை இருந்தாலோ, ஆள் என்னைப்போல் கனமாக இருந்தாலோ நாலு பிஸ்டன் சரி. அதற்கு முன்னால், முன்சக்கர ரோட்டரை (பேட் பிடிக்கும் உலோகத் தட்டை) 160லிருந்து 180 மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள். செலவு குறைவு, பிடி கூடும், சூடும் தாங்கும். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) அந்த அளவை ஏற்குமா என்று பார்த்துக்கொண்டு, பெரிய ரோட்டருக்கு ஏற்றபடி பிரேக்கைப் பொருத்தும் அடாப்டரும் சேர்த்து வாங்குங்கள்.

பிரேக்கை இயக்கும் எண்ணெயில்தான் கவனம் வேண்டும். ஷிமானோ, டெக்ட்ரோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமில் பல மாடல்களுக்கு டாட் திரவம் (மோட்டார் பைக்கில் ஊற்றும் பிரேக் எண்ணெய்). அது ஈரத்தை உறிஞ்சும், பெயின்டில் பட்டால் உரித்துவிடும். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் ஊதிப்போகும், பிரேக்கே போச்சு. பைக் மெக்கானிக் பழக்கதோஷத்தில் டாட் பாட்டிலைத் திறந்தால் கையைப் பிடித்துவிடுங்கள்!

பேடில் ரெசின் சத்தம் போடாது, ஆனால் நம்மூர்ப் புழுதியில் சீக்கிரம் தேயும். மெட்டல் நீடிக்கும், நனைந்தால் கீச்சிடும். ரோட்டரில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருந்தால் மெட்டல் போடவே கூடாது.