வாதம் வந்த கைக்குக் கண்ணாடிப் பயிற்சி: வீட்டில் செய்வது எப்படி?

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கை செயலிழந்தபோது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தவற்றில் மிரர் தெரபியும் ஒன்று. முதல் பத்து நாள் தவறாகவே செய்துகொண்டிருந்தோம். எங்கே தவறினோம் என்பதைத்தான் இதில் அதிகம் சொல்லப்போகிறேன்.

விஷயம் இதுதான். நல்ல கையின் பிம்பம், வாதம் வந்த கை இருக்கும் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைக்கிறோம். நல்ல கை அசையும்போது, விழுந்த கையே அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது. கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் கையாண்ட வழி இது. 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு, 9 பக்கவாத நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தது. இன்று இதற்குப் போதுமான சான்றுகள் உண்டு. ஆனால் மற்ற பயிற்சிகளை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யக் கூடாது. அவற்றோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும். தொடங்கும் முன் உங்கள் பிசியோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முக்கியமாகத் தோள்வலி இருந்தால்.

1. கண்ணாடி

சட்டமில்லாத சாதாரணக் கண்ணாடி, ஏறக்குறைய இரண்டடிக்கு ஒன்றரை அடி. முழங்கை வரை பிம்பம் தெரிய வேண்டும். அக்ரிலிக் கண்ணாடி உடையாது என்று அதைத்தான் முதலில் வாங்கினேன். லேசாக வளைந்து விரல்களை நீட்டிக் காட்டியது, அப்பாவுக்கு அது தன் கையாகவே படவில்லை. என் தேர்வு நிஜக் கண்ணாடிதான். ஓரங்களுக்குத் தடித்த டேப் ஒட்டி, சாயாதபடி இருபக்கமும் முட்டுக் கொடுத்துவிடுங்கள். மேஜை மேல் வேறு பொருள் எதுவும் வேண்டாம்.

2. உட்காரும் விதம்

கண்ணாடி நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். பளபளப்பான பக்கம் நல்ல கையைப் பார்த்திருக்கட்டும், வாதம் வந்த கை பின்னால் முழுவதும் மறைந்திருக்கட்டும். நல்ல கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். "இந்தக் கையில் எனக்கு மோதிரமே கிடையாதே" என்று மூளைக்குத் தோன்றினால் அவ்வளவுதான், பயிற்சி நடக்காது.

3. இரண்டு கையும் ஒரே நிலையில்

நாங்கள் தவறியது இங்கேதான்.

அப்பாவின் வலது கை மேஜையில் விரிந்து கிடக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இடது கை இறுக்கத்தால் பாதி மூடிய முஷ்டியாக இருக்கும். கண் பார்ப்பது விரிந்த கை, உள்ளே உணர்வது மடங்கிய கை. "யாரோ ஒருத்தர் கையைப் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார் அப்பா. அது சலிப்பு என்று நினைத்துவிட்டேன். பிசியோவிடம் சொன்னதும் அவர் இடது கையைத் தொடவே இல்லை. வலது கையை எடுத்து, அதே மாதிரி பாதி மடக்கி, கண்ணாடியிலிருந்து அதே தூரத்தில் வைத்தார். அப்பா பிம்பத்தையே உற்றுப் பார்த்தார். "இப்போ என் கை" என்றார்.

ஆகவே, விழுந்த கையை மெதுவாகத் தளர்த்தி, அது எந்த நிலைக்கு வருகிறதோ அந்த நிலைக்கு நல்ல கையைக் கொண்டுவாருங்கள். இழுத்து நிமிர்த்த வேண்டாம். பயிற்சி தொடங்கும் முன் ஒரு நிமிடம் அசையாமல் பிம்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. அசைவுகள்

மணிக்கட்டை மேலே கீழே, உள்ளங்கையைத் திருப்புவது, முஷ்டி மூடித் திறப்பது, கடைசியில் கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுவது. ஒவ்வொன்றும் 15 தடவை, மிக மெதுவாக. பின்னால் இருக்கும் கையும் கூடவே முயலட்டும், அசையாவிட்டாலும் பரவாயில்லை. கண் மட்டும் கண்ணாடியை விட்டு நகரக் கூடாது. நேராக நல்ல கையைப் பார்க்கும் பழக்கம் அடிக்கடி வரும், அப்போதெல்லாம் நினைவுபடுத்துங்கள்.

முதல் வாரம் 10 நிமிடம் போதும். அப்புறம் ஒரு நாளைக்கு 30 நிமிடம் வரை போகலாம், காலையும் மாலையும் பிரித்துச் செய்தால் நல்லது. குறைந்தது நான்கு வாரமாவது விடாமல் செய்யுங்கள்.

நீங்கள் மறைந்திருக்கும் கையின் பக்கம் உட்காருங்கள். ஐந்தாவது வாரம் அப்பாவின் இடது கட்டைவிரல் லேசாக உள்நோக்கி வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அவர் பார்வை கண்ணாடியில் இருந்தது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த இரண்டு பேர் தலைசுற்றலும் குமட்டலும் வந்ததாக எழுதியிருந்தார்கள். சிலருக்கு அப்படி வரும். உடனே கண்ணாடியைத் துணியால் மூடி, வேறெங்காவது பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஐந்தே நிமிடம் செய்யுங்கள். தொடர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலுக்கும் செய்யலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். செய்யலாம். நீளமான கண்ணாடியைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, நல்ல காலின் பாதத்தை மேலே கீழே அசைக்க வேண்டும். உட்கார்ந்தே செய்யுங்கள், நின்றுகொண்டு வேண்டாம்.